நீர்த்தாரையும் நுரையும்

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் மட்டுமே ஒரு காலத்தில் காணக் கிடைத்த பிரஷர் வாஷர் என்னும் யந்திரம், இன்று ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கி, சில ஆயிரம் ரூபாய் விலையில் நடுத்தரக் குடும்பங்களின் வாசல்வரை வந்துவிட்டது. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கார்ச்சர் 1950-ல் வெந்நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் யந்திரத்தை ஐரோப்பாவிலேயே முதன்முதலாக உருவாக்கினார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1984-ல் வீட்டு உபயோகத்துக்கென ஒரு சிறிய யந்திரத்தை வெளியிட்டது. அந்தச் சரித்திரத்தின் பயனை நாம் இப்போது அனுபவிக்கிறோம் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இதை வாங்கப் புகுகிறவர்களில் பெரும்பாலோர், பெட்டியின்மேல் எல்லாவற்றினும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அழுத்தத்தின் அளவை மட்டும் பார்த்துத் தீர்மானம் செய்துவிடுகிறார்கள். அந்த அளவுக்கும் காரின் நலத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகச் சொற்பம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இக்காலக் கார்களின் மேனி பல அடுக்குப் பூச்சுகளால் ஆனது. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்றுப் பளபளக்கும் கிளியர் கோட் என்று அமைந்த அந்த அடுக்குகளில், வெயிலையும் மழையையும் நேரே தாங்குகிற கடைசிப் பூச்சின் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான்; சராசரித் தலைமயிரின் கனம்கூட அதற்குக் கிடையாது. நம் தெருப் புழுதியிலோ குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. அது சாதாரணக் கண்ணாடியையே கீறவல்ல கடினம் உடையது. இத்தகைய துகள் ஒன்று துணிக்கும் பூச்சுக்கும் நடுவே அகப்பட்டு, கையின் அழுத்தத்தால் இழுபடும்போது ஏற்படும் மெல்லிய கோடு அன்றைக்குக் கண்ணில் படுவதில்லை; ஓராண்டு கழித்து, கறுப்பு வண்டி ஒன்றின் பானெட்டின்மேல் வெயில் சாய்ந்து விழும்போது, ஆயிரக்கணக்கான அத்தகைய கோடுகள் வட்டவட்டமாகச் சுழன்று தெரிகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாள்தோறும் விடியற்காலையில், ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் பத்துப் பன்னிரண்டு வண்டிகளைத் துடைத்துச் செல்லும் வழக்கம், கார்களின் பூச்சுக்கு நேர்கிற கெடுதிகளில் முதன்மையானது என்று தயங்காமல் சொல்வேன். அதில் துடைக்கிறவரின் குற்றம் ஏதுமில்லை. அவருக்கு நாம் கொடுத்த சாதனம் அவ்வளவுதான்.

ஆகவே, துணி படுவதற்கு முன்பாகவே மணலையும் மண்ணையும் வண்டியைவிட்டு இறக்கிவிடுவதுதான் நீர்த்தாரையின் பிரதான காரியம். அதற்குத் துணையாக, ஒட்டிய அழுக்கை ஊறவைத்து இளக்கி, மிஞ்சிய துகளை வழவழப்பில் மிதக்கவைப்பது நுரையின் காரியம். இவ்விரண்டும் கையைக் கொஞ்ச நேரம் ஒத்திப்போடுகின்றனவேயன்றி, கையின் வேலையை முற்றிலும் ஒழித்துவிடுவதில்லை. நுரை போட்டு நீர் அடித்தபிறகும் வண்டியின்மேல் மெல்லிய படலமாக ஒரு மங்கல் நிற்கும். அதை எடுக்க மென்மையான மைக்ரோஃபைபர் கையுறையும் ஷாம்பூ தண்ணீரும் வேண்டும். கையுறையை அலசுவதற்குத் தனியாக வேறொரு வாளியும் வேண்டும். நுரை அடித்தாலே கார் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தக் காரியத்துக்கு எவ்வளவு அழுத்தம் தேவை? 80 முதல் 120 பார் வரை இருந்தால் காருக்கு அது தாராளம். 25 அல்லது 40 டிகிரி விசிறிபோல விரியும் நாசிலைப் பூட்டி, பூச்சிலிருந்து ஓர் அடிக்குக் குறையாத தூரத்தில் பிடித்தால் மண் தானே வழிந்து இறங்கும். ஊசிபோல ஒரே கோடாகப் பாயும் நாசிலைக் காரின் அருகே கொண்டுபோகவே கூடாது. கல்பட்டுச் சிதறிய இடங்களிலும், பம்பரில் மறுபூச்சுப் பூசிய இடங்களிலும் அது பெயிண்டைப் பெயர்த்துவிடும். டயரின் பக்கச்சுவரைப் புண்படுத்தும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். மனித உடம்பில் பட்டாலோ தோலைத் துளைத்து உள்ளே நீரைச் செலுத்தக்கூடியது. வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அத்தகைய காயத்தை அற்பமென்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகள் அருகில் நிற்கும்போது நீர் பீய்ச்சும் துப்பாக்கியின் பூட்டைத் திறக்காதிருப்பது நல்லது.

பெட்டியின்மேல் எழுதியிருப்பதை நம்பலாமா வேண்டாமா என்று சோதிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அழுத்தத்தைப் பார் கணக்கிலும், நீரின் அளவை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், அந்த நீர்த்தாரைக்குத் தேவையான சக்தி கிலோவாட்டில் வந்துவிடும். 100 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் 1 கிலோவாட். மோட்டாரிலும் பம்பிலும் வீணாகும் பகுதியைச் சேர்த்தால் 1,400, 1,500 வாட் மோட்டார் ஒன்று இதைச் செய்துமுடிக்கும். இது நியாயமான யந்திரம். மாறாக, 1,800 வாட் மோட்டாரை வைத்துக்கொண்டு 200 பார் என்றும் 10 லிட்டர் என்றும் ஒரே மூச்சில் சொல்லும் பெட்டியைப் பாருங்கள்: கணக்கின்படி 3.3 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். மின்சாரத்தில் உள்ளே போகாத சக்தி நீரில் வெளியே வருவதற்கில்லை. உண்மை என்னவென்றால், அந்த 200 என்பது துப்பாக்கியை மூடும் கணத்தில் தோன்றும் உச்ச அழுத்தமாகவும், 10 என்பது எதிர்ப்பே இல்லாமல் ஓடும்போதுள்ள அளவாகவும் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைப்பவை அல்ல. வேலை செய்யும்போது நிலைத்துநிற்கும் அழுத்தம் எவ்வளவு, அப்போது வெளிவரும் நீர் எவ்வளவு என்ற இரண்டையுமே விற்பவரிடம் கேட்க வேண்டும். மயக்கும் உச்ச எண்களுக்குப் பதிலாக இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் அச்சிடும் கட்டாயம் உற்பத்தியாளர்களுக்கு ஏற்பட வேண்டும் என்பதே என் கட்சி.

அழுத்தத்தைவிட நீரின் அளவுக்கே நான் முக்கியத்துவம் கொடுப்பேன். மண்ணை அடித்துச் செல்வதும், நுரையைத் தடித்து வரச்செய்வதும் அந்த அளவுதான். நிமிடத்துக்கு 7 லிட்டருக்குக் குறையாத யந்திரம் வீட்டுக்குப் போதுமானது.

நம் ஊர் வீடுகளுக்கென்றே உள்ள ஒரு விசேஷத்தையும் கவனிக்க வேண்டும். மேலைநாடுகளில் தெருக்குழாயிலேயே நீர் அழுத்தத்தோடு வருவதால், அங்கே செய்யப்படும் யந்திரங்கள் அதை எதிர்பார்த்தே அமைக்கப்படுகின்றன. நமக்கோ நீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது இயற்கையின் விதியாதலால், தனிவீட்டின் தொட்டி தரும் அழுத்தம் பெரும்பாலும் ஒரு பாருக்கும் குறைவாகவே இருக்கும். ஆகையால் வாளியிலிருந்தோ டிரம்மிலிருந்தோ தானே நீரை உறிஞ்சிக்கொள்ளும் திறன் யந்திரத்துக்கு உண்டா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். உறிஞ்சும் குழாயின் முனையில் வடிகட்டி அவசியம். போர் தண்ணீரில் வரும் மணல் பம்பின் வால்வுகளைத் தேய்த்துவிடும். குழாயில் நீரை நிரப்பி, அதிலுள்ள காற்றை வெளியேற்றியபிறகே மோட்டாரை முடுக்க வேண்டும். வறண்டு ஓடும் பம்பு வெகுநாள் நிலைக்காது. சாதாரண 5 ஆம்பியர் பிளக்கிலும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரிலும் இதைப் பூட்டுவது ஆபத்து. 15 ஆம்பியர் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டித்துவிடும் சாதனமும் இருக்க வேண்டும், ஏனெனில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று செய்யும் வேலை இது. மோட்டாரில் இருவகை உண்டு. கார்பன் பிரஷ் உடையது மலிவு, எடை குறைவு, இரைச்சல் அதிகம். இண்டக்‌ஷன் மோட்டார் கனமானது, விலை கூடுதல், ஓசை குறைவு, ஆயுள் நீண்டது. மாதத்துக்கு இரண்டு தடவை ஒரே வண்டியைக் கழுவுகிறவருக்கு முதல்வகையே போதும்.

இனி நுரைக் கருவி. யந்திரத்தோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் பாட்டில் பெரும்பாலும் சோப்புத் தண்ணீரைத் தெளிக்குமே தவிர நுரையைத் தராது; காரணம், அதற்குள் வலை இல்லை. தனியாக விற்கும் ஃபோம் கேனனில், நீர் பித்தளை உடலுக்குள் ஒரு நுண்ணிய துளை வழியே பாயும்போது அதன் வேகம் பெருகி அழுத்தம் தாழ்கிறது. அந்தத் தாழ்வே பாட்டிலில் உள்ள ஷாம்பூவை மேலே இழுக்கிறது. இத்தாலிய விஞ்ஞானி ஜியோவன்னி பட்டிஸ்டா வெஞ்சூரி 1797-ல் எழுதி வெளியிட்ட தத்துவம், இரண்டு நூற்றாண்டு கடந்து நம் போர்ட்டிகோவில் வேலை செய்கிறது என்று எண்ணும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அப்படி இழுக்கப்பட்ட கலவை காற்றோடு சேர்ந்து, நெருக்கமாகச் சுருட்டிய எஃகுக் கம்பி வலைக்குள் புகுந்து, தயிர்போலத் தடித்த நுரையாக வெளிவருகிறது. அந்த நுண்ணிய துளை பெரும்பாலான கேனன்களில் 1.25 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 9, 10 லிட்டர் தரும் பெரிய யந்திரங்களுக்கு அது ஏற்றது. நம் வீட்டு யந்திரங்களுக்கு 1.1 மில்லிமீட்டர் துளையே பொருந்தும். விலையுயர்ந்த கேனனை வாங்கியும் நுரை நீர்த்துப்போகிறது என்று வருந்துகிறவர்கள், ஷாம்பூவைக் குறைகூறுமுன் இந்தத் துளையின் அளவை விசாரிக்க வேண்டும். கேனனை யந்திரத்தோடு பூட்டும் மரையின் பொருத்தத்தையும் அப்படியே: எம்22 என்னும் மரையில் உள்குழல் 14 மில்லிமீட்டராகவும் இருக்கும், 15 மில்லிமீட்டராகவும் இருக்கும், மாற்றி வாங்கினால் திருகிவிட முடியும், ஆனால் நீர் கசியும்.

ஷாம்பூ காருக்கென்று செய்த, காரமோ அமிலமோ மிகாததாக இருக்கட்டும். துணி சோப்புத்தூளும் பாத்திரம் துலக்கும் திரவமும் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரில் எல்லா ஷாம்பூவும் நுரைப்பதில்லை. சிறு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரோடு கொஞ்சம் விட்டுக் குலுக்கிப் பார்த்தாலே தெரிந்துபோகும். நிழலில் நிறுத்தி, என்ஜின் சூடு ஆறியபின் நுரையடித்து, நாலைந்து நிமிஷத்தில் காயுமுன் கழுவி, நீர் தானே உலர விடாமல் துவட்டிவிட வேண்டும். ஆர்ஓ யந்திரம் கழித்துவிடும் தண்ணீரால் காரைக் கழுவுவது சிக்கனம் என்று பலர் கருதுகிறார்கள், எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால் அந்த நீரில் உப்பு இன்னும் அடர்ந்திருப்பதால், கண்ணாடியிலும் பூச்சிலும் வெள்ளைப் புள்ளிகள் படிகின்றன. சக்கரங்களையும் மிதியடிகளையும் கழுவ அதை வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், சென்னை மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரின் குடிநீர் வாரியம், குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நிமிடத்துக்கு 7 லிட்டர் தரும் யந்திரத்தின் விசையைப் பத்து நிமிஷம் அழுத்தினால் 70 லிட்டர். தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட இது வெகு சிக்கனம், ஆனால் இரண்டு வாளியோடு முடிப்பதைவிட அதிகம். ஆகவே வாரந்தோறும் கழுவ வேண்டியதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும். இடைநாட்களில் தூசி படிந்தால் படிந்தபடியே இருக்கட்டும். உலர்ந்த துணியால் தட்டித் துடைக்காதிருப்பதே பூச்சுக்கு நன்மை. பறவை எச்சத்தை மட்டும் தாமதமின்றி, ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும்.

முப்பது, நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பில் வீட்டுக்கொரு யந்திரம் வாங்கி வைப்பது வீண். சங்கத்தின் பொதுநிதியில் இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள நல்ல யந்திரம் ஒன்றும், 1.1 மில்லிமீட்டர் துளையுள்ள கேனன் ஒன்றும், சுத்தமான கையுறைகளும் வாங்கி, இப்போது வாளியும் துணியுமாக உழைக்கிறவரிடமே ஒப்படைத்து, முறையைக் கற்பித்து, தினசரித் துடைப்பை நிறுத்திப் பதினைந்து நாளுக்கொரு கழுவலாக மாற்றி, அவருடைய மாதச் சம்பளம் குறையாமல், கூடுமானால் உயர்த்தியும் தர வேண்டும். குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.