'மாட்டேன்' இல்லை... 'முடியலை'!

"ரூமுக்குப் போ, துண்டை எடுத்துக்கோ, குளிச்சுட்டு நேரா சாப்பிட வந்துடு."

பதினைந்து வயதுப் பையனிடம் இப்படிச் சொல்கிறீர்கள். தலையாட்டிவிட்டுப் போகிறான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நமக்கு என்ன தோன்றும்? 'திமிரு!'

வீடாக இருந்தால் ஒரு திட்டோடு முடிந்துவிடும். சிறுவர் சிறையாக இருந்தால்?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கிறது பேங்க்சியா ஹில். 10 முதல் 17 வயது வரையிலானவர்களை அடைத்துவைக்கும் இடம். அங்கிருந்த 99 பேரை குழந்தைநல மருத்துவர், நரம்பு உளவியலாளர், பேச்சுப் பயிற்சி நிபுணர் என ஒரு குழுவே பரிசோதித்தது. 2018-ல் முடிவு வெளியானபோது பலருக்கும் அதிர்ச்சி. 36 பேருக்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸ்ஆர்டர்', சுருக்கமாக எஃப்.ஏ.எஸ்.டி. அதாவது, கருவில் இருக்கும்போதே மதுவால் ஏற்பட்ட மூளை பாதிப்பு. இதில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர்!

பெரும்பாலானவர்களுக்கு முகத்தில் எந்த அடையாளமும் இருக்காது. பார்க்க எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருப்பார்கள். (உடனே அம்மாவைத் திட்டக் கிளம்ப வேண்டாம். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே குடித்தவர்களும் உண்டு. கர்ப்ப காலத்தில் 'இவ்வளவு குடித்தால் பரவாயில்லை' என்று எந்த அளவும் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.)

இந்த ஆய்வை ஒட்டியே, அங்கே வேலை பார்ப்பவர்களுக்காக 'ரீஃப்ரேம் தி பிஹேவியர்' என்ற வீடியோ பயிற்சியும் தயாரானது. 'நடத்தையை வேறு கண்ணோடு பார்' என்று சொல்லலாம். எனக்கு இதில் பிடித்ததே இந்தப் பெயர்தான். தமிழில் இரண்டே வார்த்தைகளில் அடக்கிவிடலாம். நாம் 'மாட்டேன்' என்று எடுத்துக்கொண்டதெல்லாம் உண்மையில் 'முடியலை'.

எஃப்.ஏ.எஸ்.டி உள்ள பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் கற்றுக்கொள்ளும் விஷயங்கள் கேட்க எளிமையானவை. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். துண்டை எடுத்த பிறகு குளியல், குளித்த பிறகு சாப்பாடு. நிதானமாகப் பேசுங்கள், படம் காட்டுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். புரியாவிட்டாலும் 'ம்' என்றுதான் பதில் வரும். 'நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள். நேற்று சொன்னது இன்று மறந்திருந்தால், முதல் முறை சொல்வதுபோலத் திரும்பச் சொல்லுங்கள்.

பொய் என்று நாம் நினைப்பதும் சில நேரம் பொய்யாக இருக்காது. நினைவில் விழுந்த ஓட்டையை அந்த மூளை தனக்குத் தோன்றியதைப் போட்டு அடைத்துவிடும். அந்தப் பையனுக்கே அது உண்மை என்றுதான் தோன்றும். போலீஸ் விசாரணையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள்!

பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஊழியர்களிடம் கேட்டதில், புரிதல் கூடியிருப்பது தெரிந்தது. ஆனால், ஒரே விஷயத்தை நாலு தடவை பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டுமே? 2022-ல் பேங்க்சியா ஹில்லில் ஒரு சிறுவனைப் பல நாள்கள் நீண்ட நேரம் அறைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தது சட்டவிரோதம் என்று அந்த மாநில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பூட்டி வைத்ததற்கு முக்கியக் காரணம், ஊழியர் பற்றாக்குறை.