பதக்கமும் பெயர்ப்பட்டியலும்

போர் முடிந்த ஒரு நாடு தன் மக்களுக்கு நேர்மையாக நடந்ததா என்பதை வீரப்பதக்கங்களை வைத்து என்னால் அளக்க முடிவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்ததைப் பாருங்கள்.

மைக்கல் டொஹெர்ட்டி அயர்லாந்தின் டொனகலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். வடக்குப் படையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இப்படி வெளிநாட்டில் பிறந்தவரே. 1863 ஒக்ரோபரில் வேர்ஜினியாவில், கடும் சூட்டுக்கு நடுவே வெட்டவெளியைக் கடந்து ஒரு வீட்டைப் பிடித்து, தோழர்களுடன் பல மணிநேரம் அதைக் காத்து நின்றார். தென்மாநிலப் படையிடம் சிறைப்பட்டு, ஜோர்ஜியாவின் அன்டர்சன்வில் முகாமில் அடைபட்டு உயிர்தப்பினார். அதியுயர் வீரப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது 1897இல்தான்.

அந்த முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் நோயாலும் பசியாலும் மாண்டனர். முகாமுக்குப் பொறுப்பாக இருந்த ஹென்றி வேர்ஸும் குடியேறியவரே, சுவிற்சர்லாந்துக்காரர். 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். ஆனால் வடக்கின் எல்மைரா முகாமில் ஏறத்தாழ 3,000 தென்மாநிலக் கைதிகள் இறந்ததற்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. வென்ற தரப்பு தன்னைத்தானே விசாரிப்பதில்லை என்பது அன்றே தெரிந்த உண்மை.

இந்தக் கதையில் என் மனதில் நிற்பவர் வேறொருவர். டொரன்ஸ் அற்வோட்டர் என்ற இளம் கைதிக்கு இறந்தோரின் பதிவேட்டை எழுதும் வேலை தரப்பட்டது. காவலர் அறியாமல் தனக்கென ஒரு பிரதி எடுத்து வெளியே கொண்டுவந்தார். அதன் துணையுடன் 1865 கோடையில் அவரும் கிளாரா பார்ட்டன் அம்மையாரும் அன்டர்சன்வில் சென்று, ஏறத்தாழ எல்லாக் கல்லறைகளுக்கும் பெயர் எழுதுவித்தனர். பெயர் தெரியாமல் எஞ்சியவை 460 வரையில்தான். அந்தப் பட்டியலைத் திருடியதாகச் சொல்லி, அவர் போரிட்ட அதே அரசு அவரைச் சிறையில் போட்டது. விடுதலையான பின், 1866இல் பட்டியல் அச்சில் வந்தது. பிள்ளை எங்கே என்று கேட்ட குடும்பங்களுக்கு விடை கிடைத்தது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரும் இதைத்தான் கேட்கிறார்கள்: 2009 மே மாதம் படையினரிடம் கையளிக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல். டொஹெர்ட்டியின் பதக்கம் 30 ஆண்டுகளுக்கு மேல் தாமதித்தும் அவர் கைக்கே வந்துசேர்ந்தது. எங்கள் தாய்மாரில் பலர் விடை தெரியாமலே கண்மூடிவிட்டார்கள். பட்டியல் எங்கே என்ற கேள்வியை அவர்களோடு புதைக்க நாம் விடக்கூடாது.