25,000 ரூபாய் கல்யாண ஆர்டர்: கையில நிக்கிறது எவ்வளவு?

சம்பளத்தோட சேர்த்து வார இறுதியில போட்டோகிராஃபி பண்ணலாம்னு யோசிக்கிறீங்களா? தாராளமா பண்ணுங்க. ஆனா, "ரெண்டு நாள் வேலை, 25,000 ரூபாய்"னு கணக்குப் போடாதீங்க.

வெண்ணந்தூர்ல ஒரு கல்யாணம்னு வச்சுக்கோங்க. முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலையில முகூர்த்தம். அதுக்கு முன்னாடியே மண்டபத்தைப் பார்க்கணும், யார் யாரை எடுக்கணும்னு வீட்டுக்காரங்ககிட்ட லிஸ்ட் வாங்கணும். முடிஞ்ச பிறகு பேக்கப், போட்டோ தேர்வு, எடிட்டிங், ஆல்பம் டிசைன்.

ஒரு உதாரணக் கணக்கு:

ஆல்பம்: 8,000
உதவியாளர்: 3,000
லென்ஸ் வாடகை, பெட்ரோல்: 2,000
மிச்சம்: 12,000

மொத்த வேலை 60 மணி நேரம்னா, மணிக்கு 200 ரூபாய்தான்! உங்க சம்பளத்தையும் இதே மாதிரி மணிக்கணக்குல பிரிச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

என் கருத்து இதுதான்: ரேட் சொல்லும்போது அந்த 60 மணி நேரத்துக்கும் சேர்த்துச் சொல்லுங்க. எத்தனை போட்டோ, எப்போ டெலிவரி, எத்தனை முறை திருத்தம்னு எழுதி வாங்குங்க. புக்கிங் அன்னைக்கு அட்வான்ஸ், ஆல்பம் கொடுக்கும் முன்னாடி பாக்கி.

இன்னொன்னு. 1957 காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லேன்னா, முதல் உரிமையாளர் வாடிக்கையாளர்தான். இன்ஸ்டாகிராம்ல போட அனுமதியையும் அந்த ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

கடைசியா, கேமராவை முதல்ல வாடகைக்கு எடுங்க. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாண ஆர்டர் பெருசா வராது. இஎம்ஐ 12 மாசமும் வரும்.