இரண்டு மணி நேரமும் வாயில்லா உயிர்களும்

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரமே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என அதைப் பிரித்துக்கொண்டது. காற்று மாசைக் கருதிப் பிறந்த கட்டுப்பாடுதான். ஆயினும் வளர்ப்பு விலங்குகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நேரம் தெரிந்தால் நாயை முன்னதாகவே வெளியே அழைத்துச் சென்று வந்து, சன்னல்களை அடைத்து, உள்ளறையில் துணையிருக்கலாம். எங்கள் கவரைப்பேட்டையிலோ நள்ளிரவிலும் சரவெடி கேட்கிறது. ஒருவர் மகிழ, விலையை மற்றவர் செலுத்துவதைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. தெருநாய்க்கு அடைக்கச் சன்னலும் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகப் பட்டாசையே விட்டவர்கள். நம்மிடம் அவ்வளவு கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை ஊராட்சி ஒலிபெருக்கியில் முந்தைய நாளே அறிவிக்கட்டும். மீறுவோரைக் காவல்துறை அன்றிரவே விசாரிக்கட்டும்.