பார்த்தே ஆகவேண்டிய கண்காட்சிகள்: யார் பார்க்க?

வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் அந்தப் பட்டியல்கள் வந்துவிடும். ‘இந்தக் கோடையில் ஐரோப்பாவில் தவறவிடக்கூடாத பத்துக் கண்காட்சிகள்’ என்று தலைப்பு. லண்டன், பரிஸ், பெர்லின், வெனிஸ் என்று ஊர் ஊராக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. அளவு பிரமாண்டம், அனுபவம் மறக்கமுடியாதது, டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். கலைப்பீடத்துப் பிள்ளைகளான எங்கட வட்ஸ்அப் குழுக்களிலும் இவை சுத்தித் திரியும்.

இந்தப் பட்டியல்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. போக ஏலாத எரிச்சலில கதைக்கினம் என்று சிலர் சொல்லக்கூடும். எரிச்சல் இருக்கிறதுதான், அதை ஏன் மறைப்பான்? ஆனால் நாளைக்கே விசாவும் பிளேன் டிக்கெட்டும் கையில் வந்தாலும் எங்கட குறை அப்படியேதான் இருக்கும். ஒரு கண்காட்சியை ஏன் பார்க்கவேண்டும் என்ற கேள்வியை இவை கேட்பதே இல்லை. எங்களிட்டக் கேட்டால், தான் நிற்கிற மண்டபத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற கண்காட்சிதான் மினக்கெட்டுப் போய்ப் பார்க்கவேண்டிய கண்காட்சி.

உதாரணத்தோடு சொல்லுகிறோம். 2007 ஒக்டோபரில் லண்டன் டேட் மொடேர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் மண்டபத்தை கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோவிடம் கொடுத்தார்கள். பழைய மின்நிலையம் அது. மண்டபம் அவ்வளவு பெரிது. அந்த இடம் கிடைத்தால் யாரும் அதை எதனால் நிரப்பலாம் என்றுதான் யோசிப்பார்கள். சால்செடோ தரையைப் பிளந்தார். மயிரிழை மாதிரித் தொடங்கி 167 மீற்றர் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பெயர் ‘ஷிபோலேத்’. விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் வருகிற சொல். தோற்று ஓடிய எப்பிராயீம் கோத்திரத்தாரை யோர்தான் ஆற்றுத்துறையில் மறித்து இந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் வாயில் ‘ஷ’ வராது. ‘சிபோலேத்’ என்றவர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள்.

எங்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. வீதியில் மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டு, நாக்குப் புரளுகிற விதத்தை வைத்து ஆளைப் பிரித்த 1983ஆம் ஆண்டின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சால்செடோ கதைத்தது ஐரோப்பாவின் இனவாதத்தைப் பற்றி, வாசலில் நிறுத்தப்படுகிற குடிபெயர்ந்தவரைப் பற்றி. வந்தவர்களில் பலர் அதை எப்படி வெட்டினார்கள், எவ்வளவு ஆழம் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2008 ஏப்ரலில் கண்காட்சி முடிய வெடிப்பை அடைத்துவிட்டார்கள். தழும்பு இன்றைக்கும் தரையில் கிடக்கிறது. புதுக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் போகவேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2019 வெனிஸ் பினாலே நிற்கிறது. 2015 ஏப்ரல் 18 அன்று மத்தியதரைக் கடலில் ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. 700 பேருக்கு மேல் செத்தார்கள். தப்பியது 28 பேர். அந்தப் படகையே கொண்டுவந்து ‘எங்கள் படகு’ என்ற பெயரில் கண்காட்சி வளாகத்தின் கரையில் நிறுத்தினார் கிறிஸ்டோஃப் பூகெல். பக்கத்தில் ஒரு விளக்கப் பலகைகூட இல்லை. கிட்டவே கஃபே இருந்தது. சனம் கோப்பி குடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தது. அந்த அலட்சியத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்று வாதாடலாம், வாதாடினார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. கடலால் வருகிறவனுக்குக் கதவு திறக்காத நாடு, அவன் செத்த படகுக்கு மட்டும் இடம் கொடுத்தது. அந்தப் படகு அங்கே யாரையும் சங்கடப்படுத்தவில்லை. பார்க்கவேண்டிய பொருள்களில் ஒன்றாகிவிட்டது.

அதே பொருளை எடுத்து வேறு மாதிரிச் செய்யலாம் என்பதை அதற்கு முந்திய வருசமே கியூபாக் கலைஞர் டானியா புருகேரா காட்டியிருந்தார். அதே டர்பைன் மண்டபம். தலைப்பு ஒரு எண். முந்திய வருசம் நாடு விட்டு நாடு போனவர்களின் தொகையையும், அந்த வருசம் அதுவரை வழியில் செத்த குடிபெயர்ந்தவர்களின் தொகையையும் கூட்டி வந்தது. சாவு கூடக்கூடத் தலைப்பும் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு அறைக்குள் போகிறவர்களின் கையில் அந்த எண்ணை முத்திரையாகக் குத்தினார்கள். அந்தப் பகுதியில் வேலை செய்த நத்தலி பெல் என்ற சமூகச் செயற்பாட்டாளரின் பெயரைக் கலைக்கூடத்தின் ஒரு கட்டடத்துக்கே வைக்கவைத்தார். கட்டடங்களில் நன்கொடையாளரின் பெயர்தானே வழமையாக இருக்கும்!

பெயர் என்றவுடன் காசுக்கு வரவேண்டும். பட்டியல்களில் அனுசரணையாளரைப் பற்றி ஒரு வரியும் இராது. டேட்டுக்கு பிபி எண்ணெய்க் கம்பனி நீண்ட காலம் அனுசரணை கொடுத்தது. 2010இல் ‘லிபரேட் டேட்’ என்று ஒரு குழு கிளம்பியது. 2012இல் 16.5 மீற்றர் நீளமான காற்றாலை இறகு ஒன்றை நூறு பேருக்கு மேல் தோளில் சுமந்து வந்து டர்பைன் மண்டபத்தில் வைத்து, இது எங்கட அன்பளிப்பு, சேகரிப்பில் சேருங்கள் என்றார்கள். எவ்வளவு காசு வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு வருசக்கணக்காகப் பதில் வரவில்லை. தகவல் உரிமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு, 2015இல் வெளியே வந்தது: 1990 தொடக்கம் 2006 வரை 17 வருசத்துக்கும் மொத்தம் 3.8 மில்லியன் பவுண். வருசத்துக்கு இரண்டேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய. ஒரு எண்ணெய்க் கம்பனி நல்ல பெயர் வாங்க இவ்வளவுதான் விலையா? 2017இல் அந்த உறவு முடிந்தது.

போதைக்கு அடிமையாக்கிய வலிநிவாரணி விற்றுக் காசு பார்த்த சாக்லர் குடும்பத்தின் பெயரோடு மோதினார் புகைப்படக் கலைஞர் நான் கோல்டின். அந்தக் காசை எடுத்தால் என்ர கண்காட்சி இல்லை என்று லண்டன் தேசிய உருவப்படக் கலைக்கூடத்துக்குச் சொன்னார். 2019 மார்ச்சில் ஒரு மில்லியன் பவுண் நன்கொடை கைவிடப்பட்டது. ஜூலையில் பரிஸ் லூவர் தன் சுவர்களிலிருந்து அந்தப் பெயரையே எடுத்தது. ‘பார்க்கவேண்டியது’ என்றால் எங்களுக்கு இதுதான்: பெயர் இருந்த இடத்தில் இப்போது வெறுமையாக நிற்கிற சுவர்.

இந்த மாதிரிக் கதைக்க, அழகு வேண்டாமா என்று கேட்பார்கள். வேணும். 2003இல் இதே டர்பைன் மண்டபத்தில் ஓலஃபுர் எலியாசன் ஒரு செயற்கைச் சூரியனை ஏற்றிவைக்க, சனம் தரையில் படுத்துக்கிடந்து கூரைக் கண்ணாடியில் தங்களைப் பார்த்தது. அதற்குக் காசு கேட்கவில்லை. யாரும் வந்து படுக்கலாம். அழகு பொதுச்சொத்தாக இருந்தால் அதிலும் அரசியல் இருக்கிறது. எங்கட கோபம் அழகோடு இல்லை, அதைச் சாட்டி மற்றக் கேள்விகளை மூடிவைப்பதோடுதான்.

இனி வாசலுக்கு வருவோம். 2024 ஜூனிலிருந்து ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க 90 யூரோ. மறுத்தால் காசு திரும்பாது. 2026 ஜனவரியிலிருந்து லூவரில் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே இருந்து போகிறவருக்கு டிக்கெட் 32 யூரோ, மற்றவருக்கு 22. காலனித்துவக் காலத்தில் எங்களிட்ட இருந்து பொருள்கள் விசா இல்லாமலே போய்ச் சேர்ந்தன என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்த ஆசையாக இருக்கிறது.

எங்கட கதையும் அங்கேதான் இருக்கிறது. ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட லண்டன் கலைஞர் கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ் 2022இல் ‘இன்னொரு உலகம்’ என்ற கண்காட்சியை லண்டனிலும் பெர்லினிலும் வைத்தார். தோற்றுப்போன ஈழக் கனவையும், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகங்களையும் ஒரே திரையில் ஓடவிட்ட வேலை அது. அதோடு உடன்படலாம், சண்டையும் பிடிக்கலாம். ஆனால் சண்டை பிடிக்க முதல் பார்க்கவேண்டுமே! யாரைப் பற்றிய கண்காட்சியோ அவர்களில் பெரும்பாலானோர் அதைத் துண்டு துண்டாகக் கைபேசியில்தான் பார்த்தோம்.

ஆகவே பட்டியல் போடுகிறவர்களிடம் மூன்றே மூன்று கேள்வி. யாரின்ட காசு? சுவரில் இருக்கிறவர்களுக்கு வாசலால் வர ஏலுமா? கழற்றிக்கொண்டு போன பிறகு அந்த இடத்தில் என்ன மிஞ்சும்? இந்த மூன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள், பிறகு பிரமாண்டம் என்று எழுதுங்கள்.

லண்டனிலும் பரிசிலும் சூரிச்சிலும் இருக்கிற எங்கட அண்ணன்மார், சித்திமார், மச்சாள்மாரிடமும் ஒரு வேண்டுகோள். ‘அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு’ என்று தாண்டிப் போகாதேங்கோ. டர்பைன் மண்டபத்துக்கு அனுமதி இலவசம். பிரான்சில் வசிக்கிற 26 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரச் சேகரிப்பும் இலவசம். அந்தப் பட்டியல்கள் உங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல என்பதே போவதற்குப் போதுமான காரணம். லண்டனில் இருக்கிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், தரையில் அந்தத் தழும்பைத் தேடிக் காட்டுங்கோ. அது என்ன என்று கேட்டால், வாளிக் கதையைச் சொல்லுங்கோ.