துரைமார் மட்டும் கட்டிய மூணாறா?

“ஆளில்லாத காடு, வெள்ளைக்காரத் துரைமார் வந்தார்கள், தேயிலை நட்டார்கள், மூணாறு பிறந்தது.” சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லி ஊன்றிப்போன கதை இது. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்களும் இதையே நம்பித் திரும்புகிறார்கள். ஆனால் அங்குள்ள பொருள்களே இதற்கு எதிர்ச்சாட்சி.

முதலாவது, காடு ஆளில்லாமல் கிடக்கவில்லை. பெரியகானல் அருகே கிடைத்த, கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்று குறிக்கப்பட்ட தாழி அந்த அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. மலையில் முதுவர் குடிகள் வாழ்ந்தன. வெள்ளைக்காரரான ஜான் டேனியல் மன்றோ 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரசரிடம் ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்குக் குத்தகை எழுதி வாங்கிய பிறகுதான் தோட்டங்கள் வந்தன. யாருக்கும் சொந்தமில்லாத நிலத்துக்கு யாரிடம் குத்தகை எழுதுவது?

இரண்டாவது, மூலதனமும் பொறியியலும் தேயிலைக் கம்பெனியுடையவை, மறுப்பதற்கில்லை. காட்டைத் திருத்தி நாற்று நட்ட கைகளோ, ஆள் சேர்க்கும் கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேற்றிய தமிழர்களுடையவை. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இறங்கிக் கொட்டகுடி வழியாகத் தமிழ்நாட்டுப் போடிக்குப் போயின. காட்சியில் நிற்கும் 1913ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரத்தைச் செய்ததும் தமிழ்நாட்டு நாசரேத் தொழிற்பள்ளிதான். 1924 வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போன பிறகும் தோட்டத்தைத் தாங்கியது இந்தத் தமிழர்களின் உழைப்புதான்.

மூன்றாவது, “அதெல்லாம் பழங்கதை” என்பார்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்து 2015 செப்டம்பரில் கொழுந்து கிள்ளும் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டு மூணாற்றை ஸ்தம்பிக்கவைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து நடத்திய போராட்டம் அது. 20 சதவீதத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. மலையில் யார் எங்கே குடியிருக்க நேர்ந்தது என்ற பழைய ஏற்பாடு இன்னும் முடிந்துவிடவில்லை.

அருங்காட்சியகத்தை மூட வேண்டாம்; அதை முழுமையாக்கட்டும். இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு லயத்து அறையை அதன் உண்மையான அளவில் கட்டிக் காட்டட்டும். கங்காணியின் கடன் கணக்கும் கொழுந்துக்கூடையும் அங்கே இருக்கட்டும். விளக்கப் பலகைகளைத் தமிழிலும் எழுதட்டும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் அங்கே வந்து தங்கள் வரலாற்றைத் தாங்களே படிக்கட்டும்.