உள்ளே போகுது சார், அப்புறம் என்ன?

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்.

லக்னோவில் எங்க கிளை வாசலில் நிற்கிற காவலர் முன்னாள் ராணுவம். ஏஜென்சி மூலமா வந்தவர். கையில் சொந்த லைசென்ஸில் வாங்கிய பழைய பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். சேம்பர் 65 மி.மீ. ஏஜென்சி கொடுத்த தோட்டாவோ 70. கேட்டா, "உள்ளே போகுதே சார்!"

போகும்தான். ஆபத்தே அதுதான். தோட்டாவில் போட்டிருக்கிற 70 என்பது சுட்டபிறகு, வாய்மடிப்பு விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டா மடிப்போட குட்டையா இருக்கும். 65-ல் சமத்தா உட்காரும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல், குழல் குறுகும் இடத்தில் போய் இடிக்கும். பால்ரஸ் குண்டுகள் அந்த இடுக்கு வழியா போகணும். அழுத்தம் எகிறும். பழைய குழல் தாங்கலேன்னா, வெடிப்பது காவலர் முகத்துக்குப் பக்கத்தில்.

எங்க செக்லிஸ்டில் இரண்டே கட்டம்: லைசென்ஸ் இருக்கா, தோட்டா எத்தனை. நீளத்துக்குக் கட்டமே இல்லை. கேஷில் பத்து ரூபாய் இடிச்சா ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து தேடுறோம். 5 மி.மீ. இடிச்சா யாருக்கும் கவலையில்லை.

"இதுவரை சுட்டதே இல்லையே" என்பார்கள். சுடவே வேண்டாம்னா மூங்கில் கழி கொடுங்களேன்!

குழலில் பொறித்த அளவைப் பாருங்க. இல்லேன்னா துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளக்கக் கொடுங்க. தோட்டாவின் எண் அதைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான்.

அடுத்தமுறை பாஸ்புக் போட வரும்போது மேனேஜரிடம் கேளுங்க. வரிசையில் உங்க பிள்ளையும் அந்தக் காவலர் பக்கத்தில்தான் நிற்கிறது.